தபால் பெட்டிக்கு நேரே ஒரு பாலம்

மைக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் வந்தால் முடிக்கத் தயாராக வேண்டும். சிவப்பு வந்தால், பாதிச் சொல் வாயில் இருந்தாலும் விழுங்கிவிட்டுப் போய் உட்கார வேண்டும். எனக்குக் கிடைத்தது மூன்று நிமிடம்.

கவுன்சில் மண்டபத்தில் மேசைகளை லாட வடிவில் போட்டிருந்தார்கள். உறுப்பினர்கள் தண்ணீர் குடித்துக்கொண்டும் தாள்களைப் புரட்டிக்கொண்டும் இருந்தார்கள். மரத்துக்குப் பூசும் மெழுகின் மணம் மூக்கை அடைத்தது. என் கையிலிருந்த தாள் வியர்வையில் நனைந்து, ஓரத்தில் மை கரைய ஆரம்பித்திருந்தது.

எனக்குப் பின்னால், இரண்டாவது கதிரை வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் பிலோ அக்கா இருந்தார். தாளை நான் மடிப்பதும் விரிப்பதுமாக இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

"ஏன் பயப்பிடுறாய்? நீ பாட்டுப் பாடப் போறேல்லை. அளவு சொல்லப் போறாய். அவ்வளவுதான்" என்றார்.

பச்சை எரிந்தது.

அந்த மைக்குக்கு முன்னால் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சாண்ட்விச் தொழிற்சாலையில் நான் வேலை செய்த காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அதெல்லாம் சரி, பாலத்தைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். அவர் எங்கள் வீதிக்காரராகத்தான் இருக்க வேண்டும். வேறு யாருக்கு அந்தப் பாலத்தின் மேல் அக்கறை?

இரும்புப் படிகள்

லண்டனில், ஹரோவுக்கும் வெம்பிளிக்கும் இடையில் எங்கள் வீதி இருக்கிறது. ரயில் பாதையை ஒட்டியபடியே போய், வடக்கே போகப் போக மேடேறும். எங்கள் பக்கத்தில் வீடுகளும் ஒரு சிவப்புத் தபால் பெட்டியும் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் கோயில் என்று சொல்லும் தேவாலயம், டாக்டர், மருந்துக் கடை, சந்தைத் தெரு எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்.

இரண்டு பக்கத்தையும் இணைத்தது, வீதியின் தாழ்ந்த முனையில் நின்ற ஓர் இரும்பு நடைபாலம். படியேறி, கடந்து, படியிறங்கினால் நாலு நிமிடம். மழை நாளில் அந்தப் படிகளிலிருந்து பழைய நாணயத்தின் வாசம் வரும். ரயில் கீழே போகும்போது பாதத்திலிருந்து பல் வரை அதிரும்.

பாலத்துக்கு எத்தனை வயது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஒரு குளிர்காலத்தில் துருப்பிடித்த தகடு ஒன்று கழன்று தண்டவாளத்தில் விழுந்தது. நல்லவேளையாக ரயில் வரவில்லை. ஓட்டையைப் பலகை வைத்து மூடினார்கள். பிறகு இன்னோர் ஓட்டை. இன்னொரு பலகை.

பிலோ அக்கா எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. மன்னாரில் பிறந்து, பாரிசில் பதினைந்து வருடம் தையல் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். சந்தைத் தெருவில் சிறிய தையற்கடை வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் அந்தப் படிகளில் ஏறி இறங்கியவர். முதுகெலும்பில் ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. அதன் பிறகு கால்கள் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை.

கடை போயிற்று. நாலு நிமிடப் பயணம் இரண்டு பஸ் பயணம் ஆயிற்று. முதல் பஸ்ஸில் ஏற்கெனவே ஒரு குழந்தை வண்டி நின்றால், அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். சந்தைச் சாமான்களை நானே அவருக்கு வாங்கிக் கொடுத்தேன்.

ஓர் உயிர்ப்பு ஞாயிறன்று கோயில் இளைஞர்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் படியேறினார்கள். உச்சியில் ஒருவனுடைய கை வழுக்கியது. நாற்காலி கம்பிப் பக்கம் சாய்ந்தது. பிடித்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததும் பிலோ அக்கா என்னிடம் சொன்னார்:

"நான் திருநாளுக்குத் தூக்கிற மாதா சுரூபம் இல்லை, ஜெசி. இனி என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம்."

அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை. ஞாயிறு பூசையைக் கைபேசியில் பார்த்தார். "அமைதியின் வாழ்த்தைப் பகிர்வோம்" என்று சாமியார் சொல்லும் இடத்தில் கைபேசியை அணைத்துவிடுவார். கை கொடுக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

நூலகத்தில் தொங்கிய வரைபடம்

பழைய பாலத்தைக் கழற்றிவிட்டுப் புதிய பாலம் போடப் போவதாகக் கடிதம் வந்தது. நூலகத்தில் வரைபடம் மாட்டியிருக்கிறோம், வந்து கருத்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். நல்லவேளை, அது எங்கள் பக்கத்து நூலகம். பிலோ அக்காவை நானே தள்ளிக்கொண்டு போனேன்.

கரோலின் என்ற பொறியாளர் அங்கே நின்றார். உயரமானவர், முப்பத்தைந்து வயதிருக்கும். வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். புதிய பாலம் அழகாகத்தான் இருந்தது. பச்சை வண்ணம், அகலமான படிகள்.

படிகள்.

"சரிவுப்பாதை எங்கே?" என்று பிலோ அக்கா கேட்டார்.

கரோலினுக்கு முகம் சுருங்கியது. சுற்றி வளைக்காமல் சொன்னார். சக்கர நாற்காலி ஏற வேண்டுமென்றால் சரிவு மிகக் குறைவாக இருக்க வேண்டும், அதனால் பாதை மிக நீளமாக வரும். அந்தப் பக்கம் பாலம் இறங்குவது இரண்டு தோட்டச் சுவர்களுக்கு நடுவே உள்ள ஒரு சந்தில். சரிவுப்பாதைக்கும் இடமில்லை, லிப்டுக்கும் இடமில்லை.

"புதுப் பாலம் எத்தனை வருடம் நிற்கும்?"

"நூற்றிருபது வருடம் நிற்கும்படி வடிவமைக்கிறோம்."

பிலோ அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "கேட்டியா? நூற்றிருபது வருஷத்துக்கு நான் இந்தப் பக்கம்தான்."

நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது. லண்டனில் என்னைத் தெரிந்தவர்களுக்கு நான் சாண்ட்விச் அடுக்கியவள், பிறகு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் கரண்டி பிடித்தவள். அதற்கு முன்பு, மன்னாரில், ஓர் அரசாங்க அலுவலகத்தில் ஏழு வருடம் படவரைஞராக இருந்தேன். வீதி, மதகு, வாய்க்கால் எல்லாம் என் கையால் தாளில் ஏறியிருக்கின்றன. எங்கள் தலைமைப் படவரைஞர் முன்கோபக்காரர். கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நிலமட்டம் எழுத மறந்தால் தாளைக் கிழித்துவிடுவார். என்னுடையதை இரண்டு முறை கிழித்திருக்கிறார்.

அதனாலோ என்னவோ, வரைபடத்தில் என் கண் போனது பச்சை வண்ணப் பாலத்துக்கு இல்லை. வீதியோரத்தில் மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்த எண்களுக்கு. ஒவ்வொரு இடத்திலும் நிலம் எவ்வளவு உயரம் என்று சொல்லும் எண்கள். பழைய பாலத்தின் நடைதளத்துக்கு ஓர் எண் போட்டிருந்தார்கள். வீதியில் மேடேறிப் போய், தபால் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னோர் எண்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். அதே எண்கள். நடைதளத்தின் உயரத்துக்கு வீதியே ஏறிப் போகிறது என்றால், பாலத்தைத் தபால் பெட்டிக்கு நேரே கொண்டுபோனால் எங்கள் பக்கத்தில் ஒரு படிகூடத் தேவையில்லை. அந்தப் பக்கம் அது சந்தில் இறங்காது. தேவாலயத்தின் கார் தரிப்பிடத்தில் இறங்கும். அங்கே இடம் இருக்கிறது.

ரசமட்டம்

கரோலினிடம் அன்றைக்கே சொல்ல வாய் வரவில்லை. இருபத்தைந்து வருடமாக வரைபடத்தைத் தொடாதவள் நான். எண்ணைத் தப்பாக வாசித்திருந்தால்?

என் கணவர் அன்ரன் தரைக்கு ஓடு பதிக்கும் வேலை செய்கிறவர். அவரிடம் நீளமான ரசமட்டம் ஒன்று இருக்கிறது, நடுவில் குமிழி ஓடும் கருவி. மறுநாள் காலையில் இருவரும் பழைய பாலத்தில் ஏறினோம். கைப்பிடிக் கம்பியின் மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை அடியில் காகிதம் மடித்துக் கொடுத்தார். பிறகு குனிந்து, அதன் மேல்விளிம்பில் ஒற்றைக் கண்ணை வைத்து, வீதியின் மேட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"என்ன தெரியுது? சொல்லுங்கோவன்."

"இஞ்சரும், தபால் பெட்டி தெரியுது. கடிதம் போடுற வாய்க்குக் கொஞ்சம் கீழ. நீரே வந்து பாரும்."

நான் பார்த்தேன். பாலத்தின் கைப்பிடி என் நெஞ்சளவு உயரம். அங்கிருந்து நேராகப் போன கோடு, தபால் பெட்டியையும் அதன் நெஞ்சளவு உயரத்தில்தான் தொட்டது. அப்படியானால் பாலமும் அந்த இடத்து வீதியும் ஒரே மட்டம். எண்கள் பொய் சொல்லவில்லை. நானும் தப்பாக வாசிக்கவில்லை.

பாலத்தில் நின்றே அழுதுவிட்டேன். அன்ரன் என்ன செய்வதென்று தெரியாமல் காகிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

சாப்பாட்டு மேசையில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு படம் வரைந்தேன். கோடு முதலில் நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. நிலமட்டத்தை எல்லா இடத்திலும் எழுதினேன். கரோலினுக்கு அனுப்பினேன்.

இரண்டு வாரம் பதில் இல்லை. மூன்றாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, ஜன்னல் வழியாகப் பார்த்தால் கரோலின் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் முக்காலியில் வைத்த அளவுக் கருவியோடு நிற்கிறார். தனியாக வந்திருந்தார். மதியம் வரை அளந்தார். பிறகு எங்கள் கதவைத் தட்டினார்.

"ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை. புதிய பாலம் இன்னும் கொஞ்சம் உயரமாக வர வேண்டும், அதுதான் யோசிக்கிறேன்" என்றார்.

"வீதியும் இன்னும் கொஞ்சம் ஏறிக்கொண்டுதானே போகிறது?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இதை நாங்கள் எப்படித் தவறவிட்டோம்?"

"பழைய பாலம் நின்ற இடத்தில்தான் புதிய பாலமும் நிற்க வேண்டும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்."

"யாரும் சொல்லவில்லை" என்றார் கரோலின். "நாங்களே அப்படி நினைத்துக்கொண்டோம்."

போகும்போது ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். தேவாலயம் தன் கார் தரிப்பிடத்தின் ஓரத்தைக் கொடுத்தால்தான் இது நடக்கும். கொடுக்காவிட்டால் முதல் திட்டம்தான். படிகள்தான்.

கார் எங்கே நிற்கும்?

கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். பங்குத்தந்தை அயர்லாந்துக்காரர், அமைதியானவர். முடிவை மக்களிடமே விட்டுவிட்டார். மக்கள் என்றால் ஞானம் அண்ணை.

ஞானம் அண்ணை ஹீத்ரோவில் கார் தரிப்பிடம் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். தமிழ்ப் பூசைக்கு வரும் கார்களை ஒழுங்காக நிறுத்துவது அவர்தான். கையில் விசில் இல்லாத குறைதான்.

"பாலம் வேணும். நான் மாட்டன் எண்டு சொல்லேல்லை" என்று தொடங்கினார். "ஆனா பத்துக் கார் நிக்கிற இடம் போகுது. கலியாணம் வரும், செத்தவீடு வரும். இல்ஃபோர்டில இருந்து வாற சனம் காரை எங்க விடுறது? தலையிலயோ?"

பலர் தலையாட்டினார்கள். நான் எழுந்து படத்தைக் காட்டி விளக்கினேன். யாரும் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு அன்று தோற்றுவிடுவோம் என்றுதான் தோன்றியது. பங்குத்தந்தை கை உயர்த்தச் சொல்லப் போகும் நேரத்தில் கதவு திறந்தது.

பிலோ அக்கா. தலையிலிருந்து மடி வரை மழையில் நனைந்திருந்தார். நாற்காலிச் சக்கரம் தரையில் ஈரக் கோடு போட்டது.

"கூட்டம் முடிஞ்சுதோ?"

"இல்லை, அக்கா" என்றேன்.

"நான் ஒரு மணிக்கே வெளிக்கிட்டனான். முதல் பஸ்ஸில இடமில்லை. ரெண்டாவது பஸ்ஸில சரிவுப் பலகை இறங்கேல்லை. இப்ப நேரம் என்ன?"

மணி மூன்று. சுவர்க் கடிகாரத்தை எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ர வீட்டு ஜன்னலால இந்தக் கோயிலின்ர சிலுவை தெரியும், ஞானம் அண்ணை. மணி அடிச்சா கேக்கும். நாலு நிமிஷத் தூரம். உங்கட கார் நிக்கிற இடத்தை நான் பறிக்க வரேல்லை. எனக்கும் கோயிலுக்கு வர ஒரு வழி விடுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

ஞானம் அண்ணை எழுந்தார். பிறகு கதிரையில் கிடந்த தன் கோட்டை எடுத்துப் பிலோ அக்காவின் தோளில் போட்டார். "ஒரு கிழமை தாங்கோ" என்று பங்குத்தந்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போனார். மழையில் நின்று தரிப்பிடத்தைக் காலடியால் அளக்கத் தொடங்கினார்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும், ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளை, இதைப் பாரும். கார்களை இப்ப நேரா விடுறம். சரிச்சு விட்டா நடுவில வழி ஒடுங்கலா வந்தாப் போதும். ஒரு பக்கத்தால உள்ள வந்து மற்றப் பக்கத்தால போகலாம். பத்து இடம் போகாது. ரெண்டுதான் போகும்."

பென்சிலால் போட்ட கோடுகள். ஒவ்வொரு காருக்கும் ஒரு சின்னச் சரிவுச் செவ்வகம். நான் சரிபார்த்தேன். ஓரிடத்தில்கூடப் பிழை இல்லை.

"அந்த ரெண்டில ஒண்டு என்ர இடம்" என்றார். "நான் பஸ்ஸில வாறன்."

மறுபடி கூட்டம் போட்டபோது உயராத கை ஒன்றுகூட இல்லை.

மூன்று நிமிடம்

இனி மண்டபத்துக்கு வருகிறேன். திருத்திய திட்டத்தை அன்று கவுன்சில் குழு ஏற்க வேண்டும். மறுத்தால் படிப் பாலம்தான், நூற்றிருபது வருடத்துக்கு.

எனக்கு முன்பு பேசியவர் தபால் பெட்டிக்கு எதிர்வீட்டுக்காரர். தன் வீட்டு வாசலில் சனநடமாட்டம் கூடிவிடும் என்றார். அவர் சொன்னது உண்மைதான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது.

பச்சை விளக்கில், நான் யார் என்று சொன்னேன். சாண்ட்விச் அடுக்கியதையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, உறுப்பினர் ஒருவர் சிரித்தார், அந்தச் சிரிப்பில் என் பயம் போயிற்று. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டேன். பாலம் எவ்வளவு உயரம், தபால் பெட்டியடியில் வீதி எவ்வளவு உயரம், தேவாலயத் தரிப்பிடத்தில் சரிவுப்பாதை எத்தனை தரம் மடிந்து இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அளவுகள் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தன.

மஞ்சள் எரிந்தது.

"இது சக்கர நாற்காலிக்கு மட்டும் இல்லை" என்றேன். "குழந்தை வண்டிக்கும், சந்தைக் கூடைக்கும், முழங்கால் வலிக்கிறவருக்கும்தான். இந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் ஒருநாள் முழங்கால் வலிக்கும்."

சிவப்பு. நான் உட்கார்ந்தேன்.

குழுத் தலைவி கரோலினைப் பார்த்தார். "இந்த அளவுகளை நீங்கள் உறுதிப்படுத்தினீர்களா?"

கரோலின் எழுந்தார். "மூன்று தடவை அளந்தோம். மூன்று தடவையும் இந்த அம்மையார் சொன்னதே சரியாக இருந்தது."

கைகளை உயர்த்தச் சொன்னார்கள். பிலோ அக்கா என் முழங்கையை இறுகப் பிடித்தார். "எனக்கு முன்னால இருக்கிறவரின்ர தலை மறைக்குது. எத்தனை பேர்? சொல்லு."

நான் எண்ணினேன். நம்பிக்கை வராமல் மறுபடி எண்ணினேன்.

"எல்லாரும், அக்கா."

"எல்லாரும் எண்டா?"

"எல்லாரும்தான்!"

மண்டபத்தில் கைதட்டக் கூடாது என்று வாசலிலேயே சொல்லியிருந்தார்கள். பின்வரிசையில் ஞானம் அண்ணை எழுந்து நின்று தட்டினார். பிறகு பங்குத்தந்தை. பிறகு அன்ரன், வேலைத் தூசி படிந்த உடுப்போடு. தலைவி "அமைதி, அமைதி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.

வெளியே நடைவழியில் கரோலின் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இறுதி வரைபடத்தில் சரிபார்த்தவர்கள் பெயர்ப் பட்டியலில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். மன்னாரில் என் படங்களில் எழுதிய பெயர் அழிந்து போயிருக்கும். இந்தப் பெயர் நிற்கும்.

எட்டு மணி

பாலம் கட்டி முடிய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம். நாடா வெட்டப் பெரியவர்கள் வருவார்கள் என்று அறிவித்திருந்தார்கள்.

பிலோ அக்கா காலை எட்டு மணிக்கே என் வீட்டு மணியை அடித்தார். தலை சீவி, நீலச் சேலை உடுத்தி, உதட்டில் லேசாகச் சாயமும் பூசியிருந்தார். வேலையாட்கள் அப்போதுதான் தடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் அக்காவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், தடுப்பை இழுத்து வழிவிட்டார்.

நான் நாற்காலியின் பிடியில் கை வைத்தேன்.

"விடு" என்றார். "நீ பின்னால நடந்து வா."

வீதியிலிருந்து பாலத்துக்கு ஒரு படிகூட இல்லை. சக்கரம் அப்படியே உருண்டு ஏறியது. புது வண்ணத்தின் மணம். நடுவில் போகும்போது கீழே ஒரு ரயில் கடந்தது; அக்கா நிற்கவில்லை. அந்தப் பக்கச் சரிவில் ஒரு மடிப்பு, இரண்டாவது மடிப்பு, கைகளால் சக்கரத்தை மெதுவாகப் பிடித்துப் பிடித்து இறங்கினார். தரிப்பிடத்தில் கார்களைச் சரித்து விட்டுக்கொண்டிருந்த ஞானம் அண்ணை நிமிர்ந்து நின்று, தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

கோயில் கதவு திறந்திருந்தது. அக்கா கதவைத் தாண்டிப் போனார்.

"அக்கா! கோயில் இஞ்சாலை!"

சக்கரம் நிற்கவில்லை. சந்தைத் தெருவுக்குத் திரும்பும் மூலையில்தான் ஓடிப் பிடித்தேன். எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கு வாங்கவில்லை.

"பூசை பத்து மணிக்குத்தானே? அதுக்குள்ள நான் மீன் பாத்து வாங்க வேணும்" என்றார். "இவ்வளவு காலமும் நீ எனக்கு வாங்கித் தந்த மீன் ஒண்டாவது நல்ல மீனில்லை, ஜெசி. சொன்னா நீ கவலைப்படுவாய் எண்டு பேசாமல் திண்டனான்."